பெனால்டியைத் தவறவிட்ட என் ராணி

யூக்கி நகசாத்தோவைப் பற்றி வாயெடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஹாலிஎலயில் பஸ் ஏறி பதுளை டவுனில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்காரருக்கு அவருடைய சரித்திரம் முழுவதையும் ஓதிவிடுவேன். பாவம் அவர்கள், ஆனாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு ஜப்பான்காரி ஒருத்தி மேல் இப்படிப் பித்துப் பிடித்ததே அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

பித்துத்தான், மறைக்கவில்லை. உதைபந்தாட்டத்தில் முன்களத்தில் ஆடிப் பெயர் வாங்கிய பெண்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பிரேசிலுக்கு மார்த்தா, அமெரிக்காவுக்கு அலெக்ஸ் மோர்கன், ஆஸ்திரேலியாவுக்கு சாம் கெர். ஜப்பானை எடுத்துக்கொண்டாலும் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ஹோமரே சாவாவைத்தான் சொல்வார்கள். 2011 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தவரும் அவர், சிறந்த வீராங்கனை விருது வாங்கியவரும் அவர். இளசுகள் 2023இல் கோல்டன் பூட் வாங்கிய ஹினாத்தா மியசாவாவைச் சொல்வார்கள். எல்லோருக்கும் கைதட்டுவேன். சாவாவைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். யூக்கியைப் பார்த்தால் எங்கள் பீலிக்கரையில் உட்காரவைத்துக் கதை கேட்கத் தோன்றும்.

அப்படி என்ன விசேஷம்? உலகமே பார்த்துக்கொண்டிருந்த ராத்திரியில் அவர் அடித்த பந்து தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒலிம்பிக்கிலும் உலகக் கிண்ணத்திலும் அவர் ஆடிய ஒவ்வொரு இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்றால் விவரமாகச் சொல்கிறேன்.

1987 ஜூலை 15 அன்று கனகாவா மாகாணத்தின் அட்சுகி நகரத்தில் பிறந்தவர். அண்ணன் கென்கியும் தங்கை அசானோவும் பந்தாட்டக்காரர்கள்தான். பதின்ம வயதிலேயே டோக்கியோவின் நிப்போன் டிவி பெலேசா கழகத்துக்குள் நுழைந்துவிட்டார். ஜப்பான் பெண்கள் லீக்கில் அந்தக் காலத்தில் கிண்ணத்துக்கு மேல் கிண்ணம் வாங்கிய கழகம் அது. 2004இல் தேசிய அணியின் சட்டையைப் போட்டபோது வயது 16. அந்த வயதில் எங்கள் தோட்டப் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வலைப்பந்தும் எல்லேயும். பந்தைக் காலால் தொட்டால் "பொம்பளப் புள்ளைக்கு ஏன்டி இந்த வேல?" என்று கேட்க லயத்துக்கு லயம் ஓர் ஆயா இருந்தார்.

2010இல் யூக்கி ஜெர்மனிக்குப் போனார். டர்பைன் பொட்ஸ்டாம் என்ற கழகம், பழைய கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொடங்கியது, பயிற்சியில் கறார் என்று பெயரெடுத்தது. போன அரை வருடத்துக்குள் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம் அந்த அணியின் கையில். மாட்ரிட்டை அடுத்த ஹெட்டாஃபேயில் பிரான்சின் லியோன் அணியோடு கோல் இல்லாமல் இழுபட்ட ஆட்டம் பெனால்டிக்குப் போய் 7க்கு 6 என்று முடிந்தது. ஆசியாவிலிருந்து போன 22 வயதுப் பெண், ஐரோப்பாவின் சாம்பியன் அணியில்! நான் அவரைக் கவனிக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். பேப்பரில் இரண்டே வரிச் செய்தி. கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் 2011. அந்த வருடம் மார்ச் 11ஆம் திகதி ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். எங்கள் நாட்டிலும் சுனாமி வந்த 2004 டிசம்பரில் மலையில் இருந்த எங்களை அலை தொடவில்லை. ஆனால் மட்டக்களப்புப் பஸ்ஸும் கல்முனைப் பஸ்ஸும் வந்துபோகும் ஊர் இது, அந்த அழுகை எங்கள் காதுக்கும் வந்தது. அதனால் ஜூன் கடைசியில் ஜெர்மனியில் உலகக் கிண்ணம் தொடங்கியபோது எங்கள் லயத்தில் ஜப்பான் பக்கம் சாய்வதற்கு யாருக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தப் பெண்கள் உலகத்துக்கு நன்றி சொல்லும் பதாகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம் நியூசிலாந்தோடு. ஆறாவது நிமிடத்தில் ஜப்பானின் முதல் கோலை அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் ஆள்தான்! குதித்தேன். ஆனால் அந்தக் குதிப்பு நீடிக்கவில்லை. அரையிறுதியில் சுவீடனுக்கு எதிராக யூக்கியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நஹோமி கவாசுமியை இறக்கினார்கள். கவாசுமி இரண்டு கோல் போட்டார், ஜப்பான் 3க்கு 1 என்று வென்றது. அணிக்கு நல்ல காலம், அந்த இடத்தில் அதுவரை ஆடியவருக்கு? கேமரா ஒருதரம் பெஞ்சைக் காட்டியது. முன்னே சாய்ந்து உட்கார்ந்து ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 17ஆம் திகதி பிராங்க்ஃபர்ட்டில் இறுதியாட்டம். நமக்கு நேரம் நடுச்சாமம் பன்னிரண்டே கால். டிஷ் இருந்த வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு காம்பரா நிறைய உட்கார்ந்திருந்தோம். அம்மா நடுவில் ஒருதரம் வந்து, "அடியே, விடிஞ்சா பெரட்டு. ஒனக்கு ஸ்கூல் வேற. படுக்க வா" என்றார். யார் படுத்தது?

அமெரிக்கா முன்னால் போனது, ஜப்பான் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் மறுபடி அமெரிக்கா, 117ஆவது நிமிடத்தில் சாவா மறுபடி சமன். 66ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்த யூக்கி, பெனால்டியில் ஜப்பானின் இரண்டாவது ஆளாக நடந்துபோனார். எதிரே ஹோப் சோலோ, அன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த கோல்கீப்பர். இரண்டு நாளுக்கு முன்புதான் யூக்கிக்கு 24 வயது நிறைந்திருந்தது. அடித்தார். சோலோ பாய்ந்து தடுத்துவிட்டார்.

அந்தக் காம்பராவில் "ஐயோ" என்று கத்தியது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு ஜப்பான் வென்றால் போதும். வென்றது. அமெரிக்காவின் முதல் மூன்று அடியும் பாழாக, கடைசியில் சாக்கி குமகாய் அடித்த பந்து வலைக்குள் போனது. உலகக் கிண்ணம் முதல்முறையாக ஆசியாவுக்கு வந்தது, ஆண்களும் செய்து காட்டாததைப் பெண்கள் செய்தார்கள். மறுநாள் பாடசாலையில் எல்லோரும் சாவா, சாவா என்றார்கள். நானோ யூக்கியை நினைத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, பிறகு இறங்கி, பெனால்டி தடுக்கப்பட்டு, அதோடு உலக சாம்பியனும் ஆகிவிட்ட ஒருவர் அடுத்து என்ன செய்வார்?

என்ன செய்தார் என்று கேளுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெளியேற்றச் சுற்றின் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தார்! கால் இறுதியில் பிரேசில். சாவா சட்டென்று எடுத்த ஃப்ரீ கிக், எதிரணி மூச்சு விடுவதற்குள் யூக்கி ஓடிப்போய்ப் பந்தை உள்ளே போட்டார். அரையிறுதியில் பிரான்ஸ். கோல்கீப்பர் கையிலிருந்து நழுவிய பந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவர் கால். இறுதியாட்டத்தில் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் சோலோ. வெம்ப்லி மைதானத்தில் 80,203 பேர். அமெரிக்கா 2க்கு 0 என்று முன்னால் நின்றபோது, 63ஆவது நிமிடம், கோல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. பந்து தட்டுப்பட்டு வந்த இடத்தில் யூக்கி நின்றார். உள்ளே! ஆட்டம் 2க்கு 1 என்று போனது, வெள்ளிப் பதக்கம்தான் கிடைத்தது. அதனால் என்ன? போன வருடம் தன்னைத் தடுத்த அதே சோலோவின் வலைக்குள் பந்து கிடந்ததே!

இந்த மூன்று கோலும் பார்க்க அழகான கோல்கள் இல்லை என்று என் சித்தப்பா மகன் வாதாடுவான். "கிட்ட நின்னு தட்டிவிட்டதுதானே அக்கா" என்பான். அட முட்டாளே, அந்தக் கிட்டத்துக்கு யார் போனது? ஒன்பதாம் இலக்கக்காரரின் வேலையே அதுதான். பந்து வருவதற்கு முன்னால் பந்து வரப்போகும் இடத்தில் இருப்பது. யூக்கியின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பந்தைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். தடுப்பாட்டக்காரியின் முதுகுப் பக்கம் மெல்ல நகர்வார், அவள் தலையைத் திருப்பித் தேடும்போது முன்னால் வந்துவிடுவார். இரண்டடி பின்னால் போவார், மூன்றடி முன்னால் பாய்வார். நூறு ஓட்டத்தில் தொண்ணூற்றைந்துக்குப் பந்து வராது. முகத்தில் சலிப்பே தெரியாமல் அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்புவார். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு கோல் வராத ஆட்டமும் இனிக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் அவர் யூக்கி ஒகிமி என்ற பெயரில் ஆடினார், கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர். அந்தப் பெயரில்தான் 2012-13 பருவத்தில் ஜெர்மன் பெண்கள் புண்டஸ்லிகாவில் 18 கோல் போட்டு முதலிடம் பிடித்தார். ஜெர்மனியில் போய், ஜெர்மன்காரிகளைத் தாண்டி! அதன் பிறகு இங்கிலாந்தின் செல்சி, திரும்ப ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க், பிராங்க்ஃபர்ட் என்று கழகம் மாறிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் சுகமாக இருக்கத் தெரியாத பெண் என்று சொல்லலாம். இன்னும் கஷ்டமான இடம் எது என்று தேடிப்போகும் பெண் என்பேன் நான்.

இனி 2015. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கனடாவின் வான்கூவரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். மூன்றாவது முறையாக அதே அமெரிக்கா, அதே ஹோப் சோலோ. நமக்கு ஜூலை 6, திங்கட்கிழமை, விடியற்காலை நாலரை. தோட்டத்தில் அந்த நேரத்தில் யாரும் தூங்குவதில்லை. அடுப்பு எரியும், மலைக்குக் கட்டிக்கொண்டுபோக ரொட்டி தட்டுவார்கள், சம்பல் அரைக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கும். டிவியை முன் காம்பராவில் போட்டுவிட்டு சாயத்தண்ணியோடு உட்கார்ந்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் ஒரு கோல். அடுத்த வாய்க்குள் இன்னொன்று. பதினாறு நிமிடத்தில் அமெரிக்கா நாலு! கார்லி லொய்ட் மட்டும் மூன்று, அதில் ஒன்று நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

27ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து கவாசுமி பந்தை உள்ளே அனுப்புகிறார். ஆமாம், 2011இல் யூக்கியின் இடத்தை எடுத்த அதே கவாசுமி. யூக்கி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், முதுகோடு ஒட்டியபடி அமெரிக்கத் தடுப்பாட்டக்காரி ஜூலி ஜான்ஸ்டன். கொழுந்து நிறைந்த கூடையோடு செங்குத்து மலையில் அம்மாக்கள் இடுப்பைச் சற்றே சாய்த்துப் பாரத்தை ஒரு பக்கம் வாங்கிக்கொள்வார்களே, அப்படி ஜான்ஸ்டனின் பாரத்தை ஒரு பக்கத்தில் வாங்கிக்கொண்டு பந்தைக் காலடியில் நிறுத்துகிறார். ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டி மறுபக்கம் திரும்பல். ஜான்ஸ்டன் விழுகிறார். இடது கால். பந்து வளைந்து போகிறது. சோலோ முழு நீளத்துக்குப் பாய்கிறார், எட்டவில்லை. அந்தப் போட்டியில் தங்கள் முதல் ஆட்டத்துக்குப் பிறகு கோலே வாங்காமல் வந்திருந்தது அமெரிக்கா. அந்தப் பூட்டை உடைத்தவர் யூக்கி!

என் சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார். மறு ஒளிபரப்பைப் பார்த்தார். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார், சொன்னேன். "நாலு வாங்கிப்புட்டும் தலையத் தொங்கப் போடலியே அந்தப் புள்ள" என்றார். அவ்வளவுதான், ரொட்டி கருகும் என்று போய்விட்டார். யூக்கி கோல் போட்டதும் கொண்டாட்டத்துக்கு நேரம் செலவழிக்கவில்லை. ஜப்பான்காரிகள் பந்தோடு நடுக்கோட்டுக்கு ஓடினார்கள், இன்னும் மூன்று வேண்டுமே என்ற அவசரத்தில். ஆட்டம் 5க்கு 2 என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் தோற்ற ஆட்டத்தின் கோல் ஒன்றை இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்றால் அதில் என்ன இருக்கவேண்டும்! பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்ப்பேன். சம்பளம் பிந்தும் மாதத்தில் கூடுதலாகப் பார்ப்பேன்.

2016இல் ரியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்றை ஜப்பான் சொந்த மண்ணான ஒசாக்காவிலேயே கோட்டைவிட்டது. யூக்கியின் தேசிய அணிக் கணக்கு 132 ஆட்டம், 58 கோல் என்று நின்றது. சரி, ஆள் முடிந்தார் என்று எழுதினார்கள். எங்கே முடிந்தார்? 2017இல் அமெரிக்காவின் சிக்காகோ ரெட் ஸ்டார்ஸுக்குப் போனார். அங்கே பார்த்தால் புது யூக்கி! கோல் வாசலில் காத்திருந்தவர் கொஞ்சம் பின்னால் இறங்கி, பந்து கொடுப்பவராக மாறிவிட்டார். முன்னே ஓடுவது சாம் கெர், பின்னாலிருந்து அந்த ஓட்டத்துக்கு அளந்து பந்து வைப்பது யூக்கி. எத்தனையோ வருடம் தனக்கு வராத பந்துக்காக ஓடிய கால் அல்லவா, ஓடுகிறவளுக்குப் பந்து எங்கே வேண்டும் என்று அதற்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 2019இல் சிக்காகோவை லீக்கின் இறுதியாட்டம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது இந்த ஜோடி.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 2020 செப்டம்பர் மாதம், 33 வயதில், யூக்கி தன் சொந்த ஊரான அட்சுகிக்குத் திரும்பி ஹயபுசா இலெவன் என்ற கழகத்தில் சேர்ந்தார். அது ஆண்கள் அணி! கனகாவா மாகாண ஆண்கள் லீக்கின் இரண்டாம் பிரிவு. அண்ணன் கென்கி ஆடிய அணி. அமெரிக்க வீராங்கனை மேகன் ரப்பினோவின் பேச்சுக்கள் தனக்கு உந்துதல் தந்ததாகச் சொன்னார். உலக சாம்பியன், ஐரோப்பிய சாம்பியன், ஒலிம்பிக் வெள்ளி. வாழ்க்கையில் வாங்கவேண்டியது எல்லாம் வாங்கியாயிற்று, இனி யாருக்கு எதை நிரூபிக்கவேண்டும்? ஆனாலும் ஆண்களோடு ஆடவேண்டும் என்ற சின்ன வயது ஆசையை 33 வயதில் வந்து நிறைவேற்றிக்கொண்டார்.

இந்தச் செய்தி வந்த அன்று நான் தரையில் நிற்கவில்லை. ஏன் என்று தோட்டத்துப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊவா மலையில் சமதரை கிடைப்பது அபூர்வம். நமுனுகுலைச் சரிவானாலும் பசறைப் பக்கமானாலும், தோட்டத்தில் துண்டு சமதரை கிடைத்தால் வொலிபோல் வலை கட்டுவார்கள், இல்லையென்றால் பையன்கள் பந்து அடிப்பார்கள். பந்து கானுக்குள் போனாலோ பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டாலோ ஓடிப்போய் எடுத்து வருவது பெண் பிள்ளைகள். எடுத்து வந்து கையால் கொடுக்கவேண்டும், காலால் தட்டக்கூடாது. நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு நடுவில் சட்டை போட்டு இறங்க என்னால் முடியவில்லை. யூக்கி இறங்கினார். எனக்காகவும் சேர்த்துத்தான் இறங்கினார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவருக்குத் தெரிந்தால் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்!

அதன் பிறகும் ஓயவில்லை. லூயிவில், மறுபடி சிக்காகோ, 36 வயதில் ஹூஸ்டன் டாஷ். நம் பக்கத்திலும் இந்த ரகம் உண்டு. மணிப்பூரின் பாலா தேவி 2020இல் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒப்பந்தமாகி, வெளிநாட்டுத் தொழில்முறைக் கழகத்தின் பத்தாம் இலக்கச் சட்டையில் கோல் அடித்தார். தமிழ்நாட்டின் இந்துமதி கதிரேசன் பொலிஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடினார். யாழ்ப்பாணம் தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் பந்தாட்டத்தில் நாடறிந்தவர்கள். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் தோட்டத்துப் பெண் பிள்ளைகளின் அணி ஒன்று பூட்ஸ் கட்டி இறங்கினால் முதல் வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்த ஆள் தயார். அது நான்தான்.

ஆகவே சொல்வதைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பந்து விளையாட ஆசைப்படும் மகளோ தங்கையோ இருந்தால், 2011ஆம் ஆண்டு வெற்றியை முதலில் காட்டாதீர்கள். அந்தத் தடுக்கப்பட்ட பெனால்டியைக் காட்டுங்கள். அடுத்து வெம்ப்லி கோலைக் காட்டுங்கள். அதற்கடுத்து வான்கூவரின் 27ஆவது நிமிடத்தைக் காட்டுங்கள். மூன்றிலும் எதிரே நிற்பது ஒரே கோல்கீப்பர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பார்த்து முடித்த பிறகும் மார்த்தாதான் பெரிய ஆள் என்று அவள் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், விடிய விடிய வாதாடுவோம். நான்தான் வெல்வேன்!